மூச்சை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள்

அத்தியாயம் 4

பெங்களூரு ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டு வாசற்படியில் ஒரு டிசம்பர் இரவு அத்தை உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் முட்டியில் ஊன்றி, முதுகை முன்னால் வளைத்து, வாயைத் திறந்தபடி. "படுத்தா மூச்சு முட்டுதுப்பா, இப்படியே கொஞ்ச நேரம் உட்கார்றேன்" என்றார். கேஸ் ட்ரபிள் என்று நினைத்தோம். முனைக் கடையிலிருந்து சோடா வந்தது, ஓம வாட்டர் வந்தது. விடியற்காலையில் உதடு நீலம் பாரித்த பிறகுதான் ஆட்டோ பிடித்தோம். பணியில் இருந்த டாக்டர் முதலில் கேட்ட கேள்வி: "நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு இருந்தது? யாராவது எண்ணினீங்களா?"

வீட்டில் ஏழு பேர் இருந்தோம். ஒருவரும் எண்ணவில்லை. எண்ண வேண்டும் என்பதே தெரியாது. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார்: 36. இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்திருந்தது. அத்தை பிழைத்து வந்தார். அந்தக் கேள்விக்காகத்தான் இந்த அத்தியாயம்.

இங்கே படிப்பது குறைவு, செய்வது அதிகம். தேவையானவை: இரண்டு பிளாஸ்டிக் பாட்டில், இரண்டு பலூன், ஒரு வாளி, ஒரு முழம் ரப்பர் குழாய், வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பு கொஞ்சம், நொடிமுள் உள்ள கடிகாரம்.

முதலில் ஒரு திருத்தம்

"காற்றை உள்ளே இழுக்கிறோம், அதனால் நெஞ்சு விரிகிறது" என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். நடப்பது தலைகீழ். நெஞ்சு முதலில் விரிகிறது. உள்ளே இடம் பெரிதாகி அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவை நிரப்பக் காற்று தானாக வருகிறது. நுரையீரலுக்குச் சொந்தமாக விரியும் தசை கிடையாது. அதை விரிப்பவை இரண்டு: நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடைபோல் கவிந்திருக்கும் உதரவிதானம், விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள். இவ்வளவு கோட்பாடு போதும். மீதியைக் கையால் பார்த்துக்கொள்ளலாம்.

செய்முறை 1: பாட்டிலில் ஒரு நெஞ்சுக்கூடு

1. சற்றுக் கெட்டியான ஒரு லிட்டர் பாட்டிலின் அடிப்பாகத்தை வெட்டி எடுங்கள். பிளேடை வைத்துக்கொண்டு குழந்தைகள் செய்யக்கூடாது. பெரியவர் வெட்டிக் கொடுக்கட்டும்.
2. வெட்டிய விளிம்பில் செல்லோ டேப்பைச் சுற்றி ஒட்டுங்கள்.
3. ஒரு பலூனைப் பாட்டில் வாய் வழியாக உள்ளே தொங்கவிட்டு, அதன் வாயைப் பாட்டில் வாயின் மேல் மடித்து மாட்டுங்கள். இதுதான் நுரையீரல்.
4. இரண்டாவது பலூனின் கழுத்தை வெட்டிவிட்டு, மீதியைப் பாட்டிலின் அடியில் மேளத் தோல்போல் இழுத்துப் போர்த்தி, ரப்பர் பேண்டால் இறுக்குங்கள். இதுதான் உதரவிதானம்.
5. அடிப் பலூனின் நடுவைக் கிள்ளிப் பிடித்து மெதுவாகக் கீழே இழுங்கள். உள்ளே தொங்கும் பலூன், யாரும் ஊதாமலே உப்பும். விட்டால் சுருங்கும்.

உள்ளே ஒன்றுமே நடக்கவில்லை என்றால் பெரும்பாலும் காற்றுக் கசிவுதான். படி 2-ஐத் தாண்டிப் போனவர்களுக்கு இது நிச்சயம் வரும்: சொரசொரப்பான விளிம்பு பலூனில் கண்ணுக்குத் தெரியாத கீறலைப் போட்டுவிடும். மெல்லிய தண்ணீர் பாட்டிலை எடுத்திருந்தாலும் சிக்கல். அடியை இழுக்கும்போது பாட்டிலே உள்ளே சப்பிப்போய்விடும். நம் விலா எலும்புகள் எதற்கு இருக்கின்றன என்பதை இந்தத் தவறு ஒரு நொடியில் காட்டிவிடுகிறது.

இப்போது பாட்டிலின் பக்கவாட்டில் ஒரு ஊசித் துளை போட்டுவிட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள். உள்பலூன் முன்போல் உப்பாது. காற்று குறுக்கு வழியில் நுழைந்துவிடுகிறது. நெஞ்சில் ஆழமாகக் குத்துப்பட்டவருக்கு நுரையீரல் சுருங்கிப்போவது இப்படித்தான். குத்திய பொருள் உடம்பில் இருந்தால் அதைப் பிடுங்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். அப்படியே வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பாட்டிலில் உள்பலூனைச் சுற்றி நிறைய இடம் காலியாக இருக்கிறது. உங்கள் நெஞ்சில் அந்த இடமே இல்லை. நுரையீரலுக்கும் சுவருக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் மட்டும். ஈரக் கண்ணாடித் துண்டுகள் இரண்டு ஒட்டிக்கொள்வதுபோல அவை ஒட்டியே நகரும். அமைதியான மூச்சில் உதரவிதானம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் இறங்குகிறது. ஆழ்ந்து இழுத்தால் 7 முதல் 10 சென்டிமீட்டர்.

செய்முறை 2: எண்ணுதல்

அத்தியாயத்தின் உயிர் இதுதான். மற்றதையெல்லாம் விட்டாலும் இதை விடாதீர்கள்.

1. எண்ணப்படுபவர் பத்து நிமிடமாவது ஓய்வாக இருந்திருக்க வேண்டும். தூங்கும்போது எண்ணுவது இன்னும் நல்லது.
2. "உங்கள் மூச்சை எண்ணப்போகிறேன்" என்று சொல்லாதீர்கள். சொன்ன கணமே மூச்சு மாறிவிடும். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் நெஞ்சிலோ வயிற்றிலோ வையுங்கள். நர்ஸுகள் காலங்காலமாகச் செய்யும் உபாயம் இது.
3. ஏறி இறங்கினால் ஒன்று. ஏறுவதை ஒன்று, இறங்குவதை ஒன்று என்று எண்ணிக் கணக்கை இரட்டிப்பாக்கிவிடுபவர்கள் உண்டு.
4. முழுதாக 60 நொடி எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கும் குறுக்குவழி குழந்தைகளிடம் பொய்த்துவிடும். அவர்கள் மூச்சு சீராக ஓடுவதில்லை.
5. தேதியோடு எழுதி வையுங்கள்.

ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு 12 முதல் 20 வரை இயல்பு. நம் யோக மரபில் ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்ற கணக்கு உண்டு. சிதம்பரம் பொன்னம்பலக் கூரையின் பொன் ஓடுகளும் அதே எண்ணிக்கை என்று சொல்வார்கள். 24 மணி நேரத்துக்கு வகுத்துப் பாருங்கள்: நிமிடத்துக்குச் சரியாக 15. இன்றைய மருத்துவம் சொல்லும் அளவின் நடுப்பகுதியில் அது வந்து நிற்கிறது.

இருமல், சளியோடு இருக்கும் குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லைக்கோடு வேறு. இந்த மூன்று வரியை மனப்பாடம் செய்யுங்கள்:

2 மாதத்துக்குள்: நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் என்றால் ஆபத்து.
2 முதல் 12 மாதம்: 50 அல்லது அதற்கு மேல்.
1 முதல் 5 வயது: 40 அல்லது அதற்கு மேல்.

இந்தக் கோட்டைத் தொட்டால் நிமோனியாவாக இருக்கலாம். அன்றே காட்ட வேண்டும். அழும் குழந்தையை எண்ணாதீர்கள். பால் குடித்து அடங்கிய பிறகு எண்ணுங்கள்.

குறிப்பு: கோவிட் காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் அலமாரியில் கிடந்தால் அதையும் எடுங்கள். மருதாணி, நகப்பூச்சு, குளிர்ந்த விரல் மூன்றும் அதை ஏமாற்றும். விரலைத் தேய்த்துச் சூடாக்கி, ஒரு நிமிடம் அசையாமல் வைத்துப் பாருங்கள். ஆனால் எண் நன்றாகக் காட்டுகிறது என்பதற்காக மூச்சு எண்ணுவதை விட்டுவிடாதீர்கள். உடம்பு வேகமாக மூச்சு வாங்கி அந்த எண்ணைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

மைதானத்தில் ஒரு சோதனை

எங்கள் பகுதியில் கால்பந்துக்குக் குறைவில்லை. நந்தன் மைதானத்தில் மாலை நேரம் பையன்கள் ஆடி முடித்ததும் கவனியுங்கள்: பாதிப் பேர் முட்டியில் கையூன்றிக் குனிந்து நிற்பார்கள். "நிமிர்ந்து நில்லுடா" என்று அதட்டுகிறவர்கள் உண்டு. அதட்ட வேண்டாம். கை ஊன்றியதும் தோளைத் தாங்கும் வேலையிலிருந்து கழுத்துத் தசைகளும் மார்புத் தசைகளும் விடுபடுகின்றன. விலா எலும்புகளைத் தூக்க அவை உதவிக்கு வருகின்றன. உடம்பு கண்டுபிடித்த வழி அது.

ஓடி முடித்த உடனே ஒருமுறை, பிறகு ஒவ்வொரு நிமிடமும் ஒருமுறை உங்கள் மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு நிமிடம் எண் இறங்க வேண்டும். சில வாரப் பயிற்சியில் அந்த இறக்கம் வேகமாவதை உங்கள் குறிப்பிலேயே பார்க்கலாம்.

ஓடிவிட்டு வந்தவன் இப்படி நிற்பது இயல்பு. ஓடாத ஒருவர், ஓய்வாக இருக்க வேண்டிய நேரத்தில், அதே கோலத்தில் உட்கார்ந்திருந்தால் அது ஆபத்தின் அடையாளம். எங்கள் வாசற்படியில் நாங்கள் பார்த்தும் பார்க்காமல் விட்டது அதைத்தான்.

செய்முறை 3: வயிற்றால் மூச்சு

1. பாயில் மல்லாந்து படுங்கள். முழங்காலுக்குக் கீழே தலையணை.
2. ஒரு கை நெஞ்சில், ஒரு கை தொப்புளுக்கு மேலே.
3. மூக்கு வழியாக மெதுவாக இழுங்கள். வயிற்றுக் கை எழ வேண்டும். நெஞ்சுக் கை கிட்டத்தட்ட அசையாமல் இருக்க வேண்டும்.
4. உதட்டைக் குவித்து, விளக்குச் சுடரை அணைக்காமல் ஆட்டுவதுபோல் விடுங்கள். இழுத்த நேரத்தைப்போல் இரண்டு மடங்கு நேரம்.
5. ஐந்து நிமிடம் போதும். காலை ஒன்று, இரவு ஒன்று.

முதல் வாரம் எல்லோரும் செய்யும் தவறு, தோளைத் தூக்குவது. "நல்லா மூச்சை இழு" என்றதும் தோள் காதுவரை ஏறிவிடுகிறது. உள்ளே போகும் காற்றோ கொஞ்சம்தான். இன்னொரு தவறு, வயிற்றை வலிந்து தள்ளுவது. வயிறு விளைவாக எழ வேண்டும், வேலையாக அல்ல. உதரவிதானம் கீழே இறங்கிக் குடலை அழுத்துவதால்தான் அது எழுகிறது.

வீசிங் உள்ளவர்களுக்குப் படி 4 பெரிய துணை. அவர்களுக்குக் காற்று உள்ளே போவதைவிட வெளியே வருவதுதான் சிரமம். குவித்த உதடு சுவாசக் குழாய்கள் சீக்கிரம் மூடிக்கொள்ளாமல் காக்கிறது. ஆனால் இது டாக்டர் கொடுத்த இன்ஹேலருக்கு மாற்று அல்ல. பயிற்சி தொடங்கிய உற்சாகத்தில் பஃப்பை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

எச்சரிக்கை: தலை சுற்றினால், விரல் நுனி மரத்தால், வேகமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள்.

செய்முறை 4: உங்கள் கொள்ளளவு

லண்டனில் ஜான் ஹட்சின்சன் என்ற மருத்துவர், தண்ணீரில் கவிழ்த்த மணி ஒன்றுக்குள் ஊதவைத்து ஆயிரக்கணக்கானவர்களின் மூச்சை அளந்து 1846-ல் வெளியிட்டார். அதே தத்துவத்தில் வாளியை வைத்து நாமும் அளக்கலாம்.

1. 5 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றில் அரை லிட்டர் அரை லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு மட்டத்துக்கும் மார்க்கர் பேனாவால் கோடு போடுங்கள்.
2. கேனை முழுக்க நிரப்பி, வாயை உள்ளங்கையால் மூடி, கால் பங்கு தண்ணீர் உள்ள அகலமான வாளியில் கவிழ்த்துங்கள். கேனின் வாய் தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும். ஒருவர் கேனைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.
3. ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் கேனின் வாய்க்குள் நுழையுங்கள்.
4. முடிந்தவரை மூச்சை இழுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, குழாயில் கடைசிவரை ஊதுங்கள்.
5. கேனில் எவ்வளவு தண்ணீர் இறங்கியது என்று பாருங்கள். மூன்று முறை செய்து, அதிகமானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் வெளியேறும்போது வாளி நிரம்பி வழியும். வீட்டுக்குள் செய்யாமல் குழாயடியில் செய்யுங்கள். அவரவர் ஊதும் நுனியை ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சளி, இருமல் உள்ளவர்கள் அன்று கலந்துகொள்ள வேண்டாம். அண்மையில் கண், வயிறு, இதய அறுவை நடந்தவர்கள் இதைச் செய்யவே கூடாது.

உயரமான ஆணுக்கு 4 லிட்டரைத் தாண்டலாம். உயரம் குறைந்த பெண்ணுக்கு 3-க்குக் கீழே வந்தாலும் இயல்பே. உயரமும் வயதும் இந்த எண்ணைப் பெரிதும் தீர்மானிக்கின்றன; அண்ணனோடு தங்கையை ஒப்பிட்டு மனம் நோகச் செய்யாதீர்கள். இப்போது நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்கும்போது விடும் ஒரு சாதாரண மூச்சைக் குழாயில் விடுங்கள். அரை லிட்டர்தான் இறங்கும். அதிலும் சுமார் 150 மில்லிலிட்டர் மூக்கு, தொண்டை, குழாய்களோடு நின்றுவிடுகிறது. இரத்தத்தைத் தொடும் சிற்றறைகள் வரை போவதில்லை. வேகமாக மேலோட்டமாக மூச்சு வாங்குகிறவர் ஏன் களைத்துப்போகிறார் என்பதற்குப் பாதி விடை இந்த 150 மில்லியில் இருக்கிறது: ஒவ்வொரு சின்ன மூச்சிலும் அந்தப் பங்கு வீண்.

எவ்வளவு ஊதினாலும் ஒரு லிட்டருக்குச் சற்று மேல் உள்ளேயே தங்கிவிடும். நல்லதுதான். இல்லாவிட்டால் சிற்றறைகள் ஒட்டிப்போய்விடும்.

செய்முறை 5: சுண்ணாம்பு சொல்லும் சாட்சி

1. வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு நெல்லிக்காய் அளவு எடுத்து, ஒரு பாட்டில் தண்ணீரில் கலக்கி, இரவு முழுக்கத் தெளியவிடுங்கள்.
2. மேலே நிற்கும் தெளிந்த நீரை இரண்டு கண்ணாடி டம்ளரில் பாதிப் பாதி ஊற்றுங்கள்.
3. ஒன்றில் ஸ்ட்ரா வைத்து மெதுவாக ஊதுங்கள். மற்றதைத் தொடாதீர்கள்.

ஊதிய டம்ளர் பால்போல் கலங்கும். உள்ளே போகும் காற்றில் கரியமில வாயு 0.04 சதவீதம், வெளியே வருவதில் சுமார் 4. ஊத மட்டுமே வேண்டும், உறிஞ்சக் கூடாது. கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, டாக்டரிடம் காட்டுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு நீங்களே செய்து காட்டுங்கள்.

மூச்சு முட்டும் உணர்வைக் கொடுப்பது பெரும்பாலும் இந்தக் கரியமில வாயுதான். ஆக்சிஜன் குறைந்ததை உடம்பு அவ்வளவு சீக்கிரம் உணர்த்தாது. அதனால்தான் நீச்சல் குளத்தில் வேக வேகமாக மூச்சு விட்டுவிட்டுத் தம் கட்டி மூழ்கும் போட்டி உயிரைக் குடிக்கிறது. கரியமில வாயு முன்கூட்டியே வெளியேறிவிடுவதால் "மேலே வா" என்ற எச்சரிக்கை வருவதில்லை. தண்ணீருக்கடியில் நினைவு போய்விடுகிறது. கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லி அனுப்புங்கள்.

நம் ஊர்க் காற்றுக்குச் சில குறிப்புகள்

சென்னையிலிருந்தோ வேலூரிலிருந்தோ வரும் உறவினர்கள் மாடி ஏறியதும் "உங்க ஊர் உயரம், அதான் மூச்சு வாங்குது" என்பார்கள். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர். காற்றழுத்தம் கடற்கரையைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. ஆரோக்கியமானவரின் இரத்தத்தில் ஆக்சிஜன் அளவை அது பெரிதாக அசைப்பதில்லை. ஓய்வாக இருக்கும்போதே மூச்சு வாங்கினால் ஊர் உயரத்தின்மேல் பழி போடாமல் டாக்டரிடம் போங்கள்.

பழி போட வேண்டியது வேறு இடத்தில். பெங்களூரில் குழந்தைகளுக்கான மூச்சுநோய் மருத்துவர் ஹெச். பரமேஷ் செய்த ஆய்வில், ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் 1979-ல் 9 சதவீதமாக இருந்து 1999-ல் 29.5 சதவீதமாக உயர்ந்திருந்தார்கள். வண்டிப் புகையை ஒரு வீடு தனியாக நிறுத்த முடியாது. ஆனால் இவற்றை முடியும்:

கொசுவத்திச் சுருளை மூடிய அறையில் ஏற்றாதீர்கள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் வெளிவிடுவதற்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. எங்கள் லைன் வீடுகளைப்போல் ஒரே ஜன்னல் உள்ள அறையில் கைக்குழந்தையைப் படுக்கவைத்துச் சுருள் ஏற்றுவதை நினைத்துப் பாருங்கள். கொசுவலை கட்டுங்கள்.

காலி மனையில் பார்த்தீனியச் செடி பூப்பதற்கு முன்பே பிடுங்குங்கள். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு. தெருமுனையில் குப்பை கொளுத்துவதைத் தடுங்கள்.

எப்போது நிறுத்திவிட்டு ஓட வேண்டும்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் சோடா, ஓம வாட்டர், ஆவி பிடித்தல் எதற்கும் நேரம் இல்லை:

பெரியவருக்கு ஓய்வில் மூச்சு 25-ஐத் தாண்டுவது. ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் பேசி முடிக்க முடியாமை. படுத்தால் முட்டி, உட்கார்ந்தால் தணிவது. உதடு, நாக்கு நீலமாவது. விலா எலும்புகளுக்கு இடையே அல்லது தொண்டைக்குழியில் தோல் உள்ளே குழிவது. குழந்தை பால் குடிக்க மறுப்பது. குழப்பமாகப் பேசுவது, தூங்கித் தூங்கி விழுவது.

1. 108-ஐ அழையுங்கள். ஆஸ்பத்திரி அருகிலிருந்தாலும் மாலை நெரிசலில் ஆட்டோவை நம்பாதீர்கள்.
2. அவரைப் படுக்கவைக்காதீர்கள். முன்னால் சாய்ந்து உட்காரவைத்து, கையூன்ற ஒரு ஸ்டூலோ தலையணையோ கொடுங்கள்.
3. கழுத்துப் பட்டன், இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள். சுற்றி நிற்பவர்கள் விலகட்டும்.
4. ஏற்கெனவே டாக்டர் கொடுத்த இன்ஹேலர் இருந்தால் சொன்ன அளவு கொடுங்கள். அடுத்தவருடையதைக் கடன் வாங்காதீர்கள்.
5. ஒரு நிமிடம் எண்ணுங்கள். எண்ணையும் நேரத்தையும் எழுதிக்கொண்டு போங்கள்.

இன்றிரவே தொடங்குங்கள். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடம் ஒதுக்கி எண்ணி, காலண்டரில் பெயரோடு எழுதி வையுங்கள். நல்ல நாளில் எத்தனை என்று தெரிந்தால்தான் கெட்ட நாளில் எத்தனை கூடிவிட்டது என்று தெரியும். எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கும் காலண்டரில், அத்தையின் பெயருக்கு எதிரே நேற்று எழுதிய எண் 17.